நடுவில் வெட்டிய ஸ்வெட்டர்

எல்வியோ தன் மனைவியின் ஸ்வெட்டரைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்ததை ஒர்னெல்லா தன் கண்ணாலேயே பார்த்தாள்.

கழுத்தில் ஆரம்பித்து, நேர் நடுவில், கீழ் வரைக்கும்.

"என்ன பண்றே நீ?"

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "நீங்களா? திங்கக்கிழமைதான் வருவீங்கன்னு நெனச்சேன்."

அக்டோபர் முதல் சனிக்கிழமை. இத்தாலியின் பியெல்லா ஊரில் வீட்டுக்கு வீடு அலமாரி மாற்றும் நாள். கோடைத் துணியெல்லாம் பெட்டிக்குள் போய்ப் பரணில் ஏறும், கம்பளித் துணி கீழே இறங்கும். தங்கை நீவெஸ் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் இருக்கிறாளே, அவள் வீட்டு அலமாரியை நாமாவது மாற்றி வைப்போம் என்று தன்னிடமிருந்த சாவியைப் போட்டுத் திறந்து வந்தவள் ஒர்னெல்லா.

"அது அவ கையால பின்னின சிவப்பு ஸ்வெட்டர்தானே?"

"ஆமா."

கட்டிலைப் பார்த்தாள். இன்னும் நாலைந்து ஸ்வெட்டர்கள் வயிறு பிளந்து கிடந்தன.

"எதுக்கு இதெல்லாம்?"

"நீவெஸ் வரட்டும், சொல்றேன்."

"அவளுக்கு ரிசல்ட்டே நாளைக்குத்தான் சொல்லப்போறாங்க. அதுக்குள்ள அவ துணியைக் காலி பண்றியா? அவ்வளவு அவசரமா உனக்கு?"

எல்வியோ கத்தரியைக் கீழே வைத்தான். இருபத்தெட்டு வருடமாக பஸ் ஓட்டுகிறவன். யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசிப் பழக்கமில்லை.

ஒர்னெல்லா கதவை அறைந்துவிட்டு வெளியேறினாள். மாடிப்படியில் எதிர்வீட்டு கிளெலியா நின்றிருந்தாள். இவளுக்கு வாய் நிற்கவில்லை.

"பொண்டாட்டி ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. இவன் அவ துணிக்குக் கத்தரி வைக்கிறான்."

சாயங்காலத்துக்குள் பேக்கரி வரைக்கும் சேதி போய்விட்டது.

ஒர்னெல்லாவின் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஜூனில் நீவெஸுக்கு மார்பில் ஆபரேஷன். அதன்பின் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. கோடை முழுக்க முன்பக்கம் திறக்கிற கவுனில் சமாளித்துவிட்டாள். செப்டம்பரில் மலையிலிருந்து குளிர்காற்று இறங்கியதும் முடியவில்லை. தலை வழியாக ஸ்வெட்டர் மாட்டிவிட ஒரு ஆள் வேண்டியிருந்தது. எல்வியோ ஐந்து மணிக்கே பஸ் எடுக்கப் போய்விடுவான். தினமும் காலையில் வந்து தங்கைக்கு உடுத்திவிட்டது ஒர்னெல்லாதான்.

"முன்னால பட்டன் வெச்சது புதுசா நாலு வாங்கித் தரேனே" என்று கேட்டுக்கூடப் பார்த்தாள்.

"அது நோயாளிக்கு வாங்கின துணி, அக்கா. எனக்கு என் ஸ்வெட்டர்தான் வேணும்."

ஜூனில் பூட்டிய தன் சீஸ் கடையையும் நீவெஸ் திறக்க மறுத்தாள். "துணி மாட்டிவிட ஆள் தேடறவ, கடையைத் திறந்து என்ன பண்ணப்போறா?"

ஞாயிற்றுக்கிழமை துரின் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கையைக் காரில் அழைத்து வந்தாள் ஒர்னெல்லா. டாக்டர் நல்ல வார்த்தை சொல்லியிருந்தார். உடம்பில் நோய் எதுவும் மிச்சமில்லை. இருவரும் ஆஸ்பத்திரி வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

சந்தோஷத்தோடு சந்தோஷமாக இதை மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். பாதி வழியில் முடியவில்லை.

"உன் புருஷன் உன் ஸ்வெட்டரையெல்லாம் வெட்டிப் போட்டுட்டான்டி."

நீவெஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சிவப்பையுமா?" என்றாள்.

"சிவப்பையும்தான்."

வீட்டு வாசலில் எல்வியோ நின்றிருந்தான். நீவெஸ் அவனைத் தாண்டி நேராகப் போய் அலமாரியைத் திறந்தாள்.

ஏழு ஸ்வெட்டர்கள் வரிசையாகத் தொங்கின. ஏழுக்கும் முன்பக்கம் திறப்பு. வெட்டின ஓரத்தில் ரிப்பன் வைத்துத் தைத்து, பெரிய பெரிய பட்டன்கள்.

நீவெஸ் சிவப்பை எடுத்தாள். வழக்கம்போல ஒர்னெல்லாவின் கைகள் முன்னால் நீண்டன.

"இரு அக்கா."

முதலில் வலது கையை நுழைத்தாள். பிறகு இடது கை. கீழேயிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டாள். ஐந்து பட்டன். கண்ணாடி முன்னால் போய் நின்று, காலரை இழுத்துவிட்டுக்கொண்டாள். கடையில் நிற்கிற நீவெஸ் கண்ணாடியில் தெரிந்தாள்.

"வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் மிஷின்ல தையல் ஓட்டிடணும்" என்றான் எல்வியோ, மன்னிப்புக் கேட்பதுபோல. "இல்லேன்னா பின்னல் பிரிஞ்சுடும்."

நீவெஸ் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். வலது கை அந்த உயரத்துக்கு வந்ததை அவள் கவனிக்கக்கூட இல்லை.

"அக்கா, நாளைக்குக் காலையில நீ இங்க வரவேண்டாம். கடைக்கு வா. திறக்கறேன்."

ஒர்னெல்லாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?" என்றாள் எல்வியோவிடம். "நான் ஊரெல்லாம் சொல்லிட்டேனே."

"கடைசி பட்டன் வைக்கிற வரைக்கும் சரியா வரும்னு எனக்கே நம்பிக்கை இல்ல."

"சரி, உன் அலமாரியையாவது நான் மாத்தித் தரேன். அந்தப் பாவமாவது தீரட்டும்."

அவன் தடுப்பதற்குள் திறந்துவிட்டாள். உள்ளே மெல்லிய கோடைச் சட்டைகள் மட்டும் தொங்கின. பரணிலிருந்த பெட்டியை இறக்கிப் பார்த்தாள். காலி.

"எல்வியோ, உன் ஸ்வெட்டரெல்லாம் எங்க?"

அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டான்.

"வெட்டிப் பழகறதுக்கு வேற யார் துணியை எடுக்கறது?"