பத்துநாள் மெக்கானிக்

"பூசினவன் எவனோ, அவன் கையை உடைக்கணும்!"

பல் டாக்டர் போட்ட சத்தத்தில் விமானக் கொட்டகையின் தகரக் கூரையே ஒரு தடவை அதிர்ந்தது.

அவர் தன் சொந்த விமானத்தின் இறக்கைக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். ஒரு கையில் டார்ச். மறு கையில், நோயாளிகளின் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடி.

விமானம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ரெண்டே பேர் உட்காரலாம். நார்த்துணியையும் பிசினையும் அடுக்கி வார்த்த உடம்பு. இறக்கையின் உட்புறமேதான் பெட்ரோல் டேங்க். அதன் அடியில் ஒரு வாரமாக, நீல நிற விமானப் பெட்ரோல் கசிந்த கறை. மெக்கானிக் டேங்கை வடித்துவிட்டு, உள்ளே பார்க்க இறக்கையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டி வைத்திருந்தார்.

மெக்கானிக்குக்கு அந்த விமான கிளப்பில் 'பத்துநாள்' என்று பெயர். எதைக் கொடுத்தாலும் பத்து நாள் என்பார். "முன்னெல்லாம் அரை நாள்ல முடிச்சுக் குடுத்த மனுஷன். ரெண்டு வருஷமா என்னமோ ஆயிடுச்சு" என்று மற்றவர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

டாக்டருக்கு மட்டும் அவர் மேல் ஒரு பிரியம். டாக்டர் மேலே கிளம்பினால் போதும், பத்துநாள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுபாதை ஓரத்துக்கு ஓடிவந்து, அவர் இறங்குகிற வரை அண்ணாந்தபடி நிற்பார். வெயிலானாலும் சரி, தூறலானாலும் சரி.

"நான் ஓட்டற அழகு அப்படி" என்று டாக்டர் வீட்டில் சொல்லிப் பூரித்ததுண்டு. மனைவி "ம்" என்றதோடு சரி.

"பாருய்யா அநியாயத்தை!" டாக்டர் இறக்கைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். "விரிசலைச் சுத்தம் பண்ணாம, பெட்ரோல் ஈரத்து மேலயே பசையைப் பூசியிருக்கான். சொத்தையைச் சுரண்டாம பல்லு மேல சிமென்ட் வெச்ச மாதிரி!"

"ஆமா டாக்டர்."

"எனக்கு வித்தானே, அந்த ஆளு பார்த்த வேலைதான் இது. அழகா என் தலையில கட்டிட்டுப் போயிட்டான். உள்ள ஆவி சேர்ந்து, விளக்கு ஒயர்ல ஒரு பொறி பட்டிருந்தா?"

"இறக்கை போயிருக்கும்."

"நான் போயிருப்பேன்யா! என் பொண்ணைப் பக்கத்துல உக்கார வெச்சுப் பறந்திருக்கேன்!" குரல் நிஜமாகவே உடைந்தது. "மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாம்?"

பத்துநாள் தலையைக் குனிந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"சரி, என்ன செய்யணும்?"

"பழைய பூச்சைச் சுரண்டணும். பிசுக்குப் போகக் கழுவிக் காயவிடணும். விரிசலை அடைச்சுப் புதுசாப் பூசி, இறுக விடணும். அப்புறம் லேசாக் காத்தடிச்சு, வெளிய சோப்புத் தண்ணி தடவி, குமிழ் வருதான்னு பார்க்கணும். கறை தெரியறது ஒரு இடம், ஒழுகறது இன்னொரு இடமா இருக்கும்."

"எத்தனை நாள்?"

"பத்து நாள்."

டாக்டர் தலையில் கைவைத்தார். "ஞாயித்துக்கிழமை இதை வாங்க ஆள் வருதுய்யா!"

"விக்கறீங்களா?"

"நாலு சீட்டு ப்ளேன் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். வர்றவர் யாரோ ஸ்கூல் வாத்தியார். பொண்டாட்டியை மேல கூட்டிட்டுப் போகணும்னு பத்து வருஷமா ஆசையாம்."

"பத்து நாள் கழிச்சு வரச் சொல்லலாமே."

"ஒழுகுதுன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்?"

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். கொட்டகையில் வேறு யாரும் இல்லை. கூரையை அதிர வைத்த தொண்டை இப்போது காதோடு காதாகப் பேசியது.

"ஒண்ணு பண்ணு. அந்தப் பசையையே மேலாப்புல ரெண்டு கை பூசிடு. ஜன்னலை மூடி, கறையைத் துடைச்சு, பெயின்ட் அடிச்சிடு. ஞாயிறு வரைக்கும் தாங்குமில்ல?"

"ரெண்டு வருஷம்கூடத் தாங்கும்."

"அப்புறமென்ன! எங்கிட்ட வித்தவன் சொல்லிட்டா வித்தான்? நான் மட்டும் என்ன அரிச்சந்திரனா?"

பத்துநாள் துணியைக் கீழே வைத்தார். வலது கையை நீட்டினார்.

"என்னது, அட்வான்ஸா?"

"இல்ல டாக்டர். உடைக்கணும்னு சொன்னீங்களே, அந்தக் கை."

டாக்டர் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு வித்தவரும் இதே இடத்துல நின்னுதான், இதே மாதிரி குரலை இறக்கி, ரெண்டு கை பூசிடுன்னார். பூசினேன். அரை நாள் வேலை."

"அடப்பாவி! ரெண்டு வருஷமா வாயைத் திறக்கலையேய்யா!"

"லைசென்ஸ் போயிடுமேன்னு பயம். இப்ப போனாப் போகட்டும். வாத்தியார்கிட்ட நானே சொல்லிடறேன்."

டாக்டரின் கையிலிருந்த குட்டிக் கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது. பத்துநாள் குனிந்து எடுத்து, துடைத்து, அவரிடமே கொடுத்தார்.

"நீங்க மேல போறப்பெல்லாம் இறங்கற வரைக்கும் அண்ணாந்து நின்னேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? இனி அந்த வாத்தியாருக்காகவும் நிக்க இந்தக் கழுத்து தாங்காது டாக்டர்."