துருவத்து அளவுகள்

துருவப் பனியைத் துளைத்து இருபது வருடம் தான் எடுத்த அளவுகள் இருந்த கணினியைப் பேராசிரியர் அருமைநாயகம் பனிக்கோடாரியால் பிளந்துகொண்டிருந்தார். ஒரு சில்லு தெறித்து, அந்தக் கணினியைப் பராமரிக்கும் ரெஜினாவின் கன்னத்தைக் கிழித்தது.

"என் ரெண்டு கால்விரல் அந்தப் பனியில அழுகி விழுந்துச்சு. அங்க எடுத்த அளவுகள ஊரானுக்கெல்லாம் சும்மா அள்ளிக் குடுக்கப் போறியாமே?" என்று கத்தினார்.

கணினி நொறுங்கிக் கிடந்தது. அளவுகள் இனி யாருக்கும் இல்லை என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

"போன வாரமே இணையத்துல எல்லாருக்கும் திறந்து விட்டுட்டேன் சார்," என்றாள் ரெஜினா. "பல நாட்டுல நகல் எடுத்து வச்சிட்டாங்க. உங்க பேரப் போட்டுத்தான்."

கடைசி வார்த்தைகள் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கோடாரியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து, அவள் பக்கம் திரும்பினார்.