ஒரு கை கம்பிக்கு

காலை பஸ்ஸில் நிற்பவர்களுக்கெல்லாம் ஒரே கணக்குதான்: ஒரு கை கம்பிக்கு, ஒரு கை போனுக்கு. கே.கே. நகர் போகும் பஸ்ஸில் கமலினியும் அப்படித்தான் நின்றிருந்தாள். போன மாதம் அம்மா படித்துறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து, அவள் காவிரிக்குப் போனால் இவள் வீடியோ காலில் கூடவே இருப்பாள்.

ஸ்ரீரங்கத்தில், கடைசிப் படியில் உட்கார்ந்து, அம்மா இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். படம் ஆடவே இல்லை.

“அம்மா, போனை யார் பிடிச்சிண்டிருக்கா?”

“யாரு பிடிப்பா? நான்தான்.”

நனைந்த புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிழிந்தபடி அம்மா படியேறினாள். படமும் அவள் முகத்துக்கு நேரே ஒவ்வொரு படியாக ஏறியது.

“உன் ரெண்டு கையும் எனக்குத் தெரியறதும்மா!”

டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். கமலினி முன்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பற்றிக்கொண்டாள். போன் விழவில்லை. அவரவர் போனில் குனிந்திருந்த யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பாத்துடி, கெட்டியாப் பிடிச்சுக்கோ” என்றாள் திரையில் அம்மா, கமலினியின் முகத்துக்கு நேரே, கொஞ்சமும் ஆடாமல்.