ஒரே வரியில் இருவர்

“தம்பி, ரெண்டு பெடியளும் ஒரே வரியில நிக்கவேணும். இல்லாட்டி இந்த மரண அறிவித்தலே வேண்டாம்.”

சொன்ன பெரியவர் கதிரையை இழுத்துப் போட்டுக் கணினித் திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். துறைமுக வீதியில் இணையப் பக்கங்கள் செய்துகொடுக்கும் லதீசனுக்கு, மரண அறிவித்தலுக்குச் சண்டை பிடிப்பவர்கள் புதிதல்ல. இறந்தவர்கள் மட்டுந்தான் இதுவரை வந்து குறை சொன்னதில்லை.

திரையில், காலஞ்சென்ற தங்கத்துரையின் மூத்த மகன் ‘பொறியியலாளர் வினோதன்’ மேலே நின்றார். இளையவர் ‘சங்கத் தலைவர் தனோஜன்’ கீழே.

“பக்கத்தில இவ்வளவு இடம் கிடக்கு. சின்னவன் ஏன் கீழ போனவன்?”

“மூத்தவருக்கு ‘பிளொக்’ எண்டு குடுத்திருக்கு ஐயா. பேர் எவ்வளவு சின்னனெண்டாலும் முழு வரியையும் பிடிச்சுக்கொள்ளும். பக்கத்தில ஆரையும் விடாது.”

“அவன்ர குணமே அதுதான். சின்னவனுக்கு?”

“அவருக்கும் பிளொக்தான்.”

“தெரியும்.”

லதீசன் இருவரையும் ‘இன்லைன்’ ஆக்கினான். இனி ஒவ்வொரு பெயரும் தன் அளவுக்கு மட்டுமே இடம் எடுக்கும். பெயர்கள் இரண்டும் அருகருகே வந்து நின்றன.

பெரியவர் தன் கைப்பேசியை நீட்டினார். “இதில காட்டும்.”

அதில் தனோஜன் மறுபடியும் கீழே இறங்கியிருந்தார்.

“திரை ஒடுக்கம் ஐயா. வரி நிரம்பினா மிச்சம் கீழதான் போகும். ஒண்டும் செய்ய ஏலாது.”

“ஏலும். பொறியியலாளர், சங்கத் தலைவர் எல்லாத்தையும் வெட்டும். தகப்பன் வைச்ச பேர் மட்டும் போதும்.”

வெட்டியதும் இருவரும் ஒரே வரியில் அடங்கினார்கள். பெரியவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இப்பவே ரெண்டு பேருக்கும் அனுப்பும். ஒருத்தன் லிங்கநகரில, மற்றவன் கப்பல்துறையில. கனகாலமாக் கதை பேச்சில்லை. இதைப் பாத்தா ரெண்டு பேரும் ஒண்டா ஓடி வருவாங்கள்.”

“மகன்மாருக்கே இன்னும் சொல்லேல்லையோ? செத்துப்போனவர் உங்களுக்கு என்ன முறை?”

“நல்ல நெருக்கம்.”

லதீசன் மேற்கொண்டு கிளறவில்லை. “சரி, அவற்ற படம் ஒண்டு தாங்கோ. போட்டு அனுப்புவம்.”

பெரியவர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினார். கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

“எடும் தம்பி.”