ஊதா மையில் ஆறு கேள்விகள்

“படுத்துக்கிட்டுத்தான் பேசணுமா, உக்காந்தே பேசலாமாம்மா?”

கேட்டுவிட்டு சன்னாசி, கட்டிலை எங்காவது ஒளித்துவைத்திருக்கிறார்களா என்று தேடுகிறவர்போல் அறையின் மூலைகளைப் பார்த்தார். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயது இருக்கும். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறவர். காய்த்துப்போன கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டை விரித்து வைத்திருந்தார்.

“அதெல்லாம் சினிமாவுல லா, அங்கிள்,” என்றாள் மாதவி. “இங்க இந்த ரெண்டு நாற்காலிதான். பிடிச்சதுல உக்காருங்க.”

அவர் சிரிக்கவில்லை. முதல் கேள்விக்குக் கீழே ‘உட்கார்ந்தே பேசலாம்’ என்று நிதானமாக எழுதினார்.

மலேசியாவின் கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, கடைவீட்டு மாடியில் இருந்த அந்த மனநல ஆலோசனை மையத்தில் மாதவி சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. முதல் தடவை வருகிறவர்களில் பாதிப் பேர் மறுபடி வருவதில்லை. நாம்தான் எதையாவது தப்பாகப் பேசிவிட்டோமோ என்று ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போய்க் குமைவாள். இந்த மனுஷரையாவது நழுவ விடக்கூடாது.

பட்டியலில் பத்து மணிக்கு நேரே ‘சன்னாசி’ என்று மட்டும் இருந்தது. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருப்பதைத்தான் கணினி எடுத்துக்கொள்ளும். கதவருகே நின்று அவள் பெயரைக் கூப்பிட்டதும், “சன்னாசி நாந்தாம்மா” என்று இவர் எழுந்து, மையம் நேற்று அனுப்பிய நினைவூட்டல் மெசேஜைப் போனில் காட்டினார். பதிவு செய்து ஏழு வாரம் கழித்துக் கிடைத்த நேரம்.

“ரெண்டாவது...” கண்ணாடியை மூக்கில் சரித்துக்கொண்டு, ஊதா மையில் பொடிப்பொடியாக எழுதியிருந்ததைத் தட்டுத்தடுமாறிப் படித்தார். தன் எழுத்தே தனக்குப் பிடிபடாதவர் போலிருந்தது. “பைத்தியம்னு எதுலயாவது பதிஞ்சிருவீங்களா? வேலை எடத்துக்குத் தெரிஞ்சிருமா?”

“தெரியாது. ஃபைல் இந்த அலமாரியவிட்டு வெளிய போகாது. சாவி எங்கிட்டதான் இருக்கு.”

எழுதினார்.

“என்ன பேசறதுன்னே தெரியலன்னா? சும்மா உக்காந்திருந்தா ஏசுவீங்களா?”

“நான் யாரையும் ஏசமாட்டேன் அங்கிள். ஒரு மணி நேரமும் சும்மாவே இருங்க. நானும் கூட இருப்பேன்.”

“அழுதா?”

மாதவி டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் தொடவில்லை. ‘டிஷ்யூ வைத்திருக்கிறார்கள்’ என்று எழுதினார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் தெம்பும். இவ்வளவு ஒழுங்காகக் குறித்துக்கொள்கிறவர் திரும்பி வராமலா இருப்பார்?

ஐந்தாவது கேள்விக்கு வந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

“அப்பாவுக்குத் தெரியவருமா?”

இந்த வயதிலும் அப்பாவுக்கு அஞ்சுகிறவர்களை மாதவி பார்த்திருக்கிறாள். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பெல்ட் அடி வாங்கி வளர்ந்தவர்களை அந்தப் பயம் லேசில் விடாது.

“நீங்க சரின்னாத்தான் யாருகிட்டயும் சொல்லுவோம். ஒங்க உசுருக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டா மட்டும், வீட்டுக்குச் சொல்லியே ஆகணும்.”

“அப்பாவுக்குமா?”

“அப்பாவுக்கும்தான்.”

“அப்படின்னா... சொல்லியிருப்பீங்க.”

பேனா தாளிலேயே நின்றது. ஜன்னலுக்குக் கீழே கிள்ளான் போகிற பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் புறப்பட்டது. அதன் சத்தம் ஓய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் ‘அப்பாவுக்குச் சொல்வார்கள்’ என்று எழுதி முடித்தார்.

மாதவி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டாள். பயமுறுத்திவிட்டோமோ? “ரகசியம் போயிருமேன்னு நெனைக்காதீங்க அங்கிள். ஒங்க பாதுகாப்புக்குத்தான் அது.”

“இல்லம்மா. நல்ல ஏற்பாடுதான்.” கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “இன்னும் ஒண்ணே ஒண்ணு. இவ்வளவு நாள் கழிச்சு வந்தா பிரயோஜனம் இருக்குமா? ரொம்ப லேட்டாயிருச்சா?”

இந்தக் கேள்விக்கு மட்டும் அவள் யோசிக்க வேண்டியதே இல்லை. வருகிற எல்லாரிடமும் சொல்வதுதான்.

“லேட்டுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. இன்னிக்கு வந்து உக்காந்துட்டீங்கல்ல? அதுவே பெரிசு.”

அதை அவர் எழுதவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

எழுந்து போய்விடப் போகிறார் என்று மாதவி அவசரமாக ஓர் அட்டையை எடுத்தாள். “அடுத்த செவ்வாய், இதே பத்து மணி. நேரத்தை ஒங்களுக்குன்னே வச்சிருப்பேன், கண்டிப்பா வரணும்.” ‘சன்னாசி’ என்று அட்டையில் எழுதி அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. காய்த்துப்போன விரலைப் பெயருக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில் வைத்தார்.

“இங்க விஷாலினின்னு வரணும்மா.”

“விஷாலினியா? அது யாரு அங்கிள்?”

அவர் நோட்டை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“எம் மக. ஒங்க மெசேஜ் வந்தப்ப, அவளுக்குக் கருமாதி நடந்துக்கிட்டிருந்துச்சு.”