வெள்ளைக் கவர், பழுப்புக் கவர்

"ஏனுங்க, சேசுங்கறவரு வேற, இயேசுங்கறவரு வேறங்களா?"

ராமாமணி கேட்டாள். வெங்கடபதிக்கு வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதும் பழக்கம்.

"ரெண்டும் ஒருத்தர்தான். கத்தோலிக்கர் சேசும்பாங்க. புராட்டஸ்டன்ட் சபைக்காரங்க இயேசும்பாங்க."

"அப்பறம் எதுக்குங்க ஒரே கதையை ரெண்டு வாட்டி எழுதறீங்க?"

"அவங்க ரெண்டு பத்திரிகை வெச்சிருக்காங்களே!"

வெங்கடபதி மில் குமாஸ்தா. ஞாயிறானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கருமத்தம்பட்டி, காங்கேயம் என்று அலைவார். கல்லறைக் கல்லில் சுண்ணாம்பு தடவி எழுத்து வாசிப்பார். கொங்கு நாட்டுக்குக் கிறிஸ்தவம் வந்த கதையைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். அது ஐம்பத்தெட்டாம் வருஷம்.

கத்தோலிக்க மாத இதழில் அவர் பேர் 'ராயப்பன்'. சபையின் மாத இதழில் 'பேதுரு'. அதுவும் ஒரே சீடரின் இரண்டு பேர்தான். கடவுள் முன்னதில் சர்வேசுரன், பின்னதில் தேவன். மற்றபடி ஒரு காற்புள்ளிகூட மாறாது.

வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது.

கத்தோலிக்க இதழை நடத்திய சவரிமுத்து சாமியார் கோயில் பீரோவிலிருந்த பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை வெளியாள் கையில் கொடுத்ததே இல்லை. வெங்கடபதிக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது, "இது நம்ம பத்திரிகைக்கு மட்டுந்தானுங்களே?" என்று கேட்டார்.

"ஆமாங்க சாமி. வேற ஆருக்குக் குடுப்பனுங்க!"

சபை இதழை நடத்திய போதகர் ஆசீர்வாதம் மிஷன் பங்களாவின் பழைய கடிதக் கட்டைத் திறந்துவிட்டபோதும் அதே கேள்வி கேட்டார். வெங்கடபதி அதே பதிலைச் சொன்னார்.

"என்னிக்காச்சும் மாட்டிக்கப் போறீங்க," என்பாள் ராமாமணி.

"எப்படி மாட்டுவேன்? சாமியார் தன் பத்திரிகையில போதகரை 'வழிதவறின ஆடு'ங்கறாரு. போதகர் சாமியாரை 'கண்ணிருந்தும் குருடர்'ங்கறாரு. இவர் பத்திரிகையை அவர் கையால தொடுவாரா?"

அந்த வெள்ளிக்கிழமை மில் சங்கு ஊதப் பத்து நிமிஷம் இருந்தது. வெங்கடபதி குளித்துக்கொண்டே கத்தினார்.

"மேசையில மேல இருக்கறது சேசு, வெள்ளைக் கவர்ல போடு! கீழ இருக்கறது இயேசு, பழுப்புக் கவர்!"

ராமாமணி சித்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தெலுங்கு எழுத்து மட்டுந்தான் தெரியும். சொன்னபடி போட்டு, ஒட்டி, தபால் பெட்டியில் சேர்த்தாள்.

சாயந்திரம் காப்பி குடிக்கும்போது வெங்கடபதி கேட்டார். "என்ன, மேசை இப்படிப் பளபளங்குது?"

"காயிதத்தையெல்லாம் எடுத்து வெச்சுப்போட்டு, தொடச்சு, மறுக்கா அடுக்கித்தானுங்க கவர்ல போட்டேன்."

"அடுக்கினியா? அப்ப மேல இருந்தது..."

"கீழ போயிருக்குமுங்களோ?"

டம்ளர் பாதியில் நின்றது.

"போச்சு. பீரோவும் போச்சு, பங்களாவும் போச்சு. பதினொரு வருஷமாத் தேடறேன் ராமாமணி. இன்னும் பாதிக் கதை அங்கதான் இருக்குது."

"நேரே போய்ச் சொல்லிப்போடுங்க."

"என்னன்னு? ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொன்னேன்னா?"

திங்கட்கிழமை சாயந்திரம் வாசலில் இரண்டு சைக்கிள்கள் வந்து நின்றன. ஒன்றில் வெள்ளை அங்கி, இன்னொன்றில் கறுப்புக் கோட்டு. ஆளுக்கொரு கவர்.

"வாங்க சாமி... வாங்க போதகர் ஐயா..." வெங்கடபதி நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"பேதுருன்னு ஒருத்தர் எனக்குக் கட்டுரை அனுப்பியிருக்காருங்க," என்றார் சாமியார்.

"எனக்கு ராயப்பன். பதினெட்டு எடத்துல சர்வேசுரன்," என்றார் போதகர்.

ராமாமணி முன்னால் வந்தாள். "நாந்தானுங்க சாமி. மேசையைத் தொடச்சேன்."

"அவ மேல தப்பில்லீங்க," என்றார் வெங்கடபதி. "நாந்தான் ரெண்டு பேரையும் ஏமாத்தினேன். இனிப் பதிவேட்டைத் தொடலீங்க. இந்தாங்க, இதுவரைக்கும் எழுதின குறிப்பு நோட்டு."

நோட்டை யாரும் வாங்கவில்லை. சாமியார் தம் கவரைப் போதகரிடம் நீட்டினார். போதகர் தம்முடையதைச் சாமியாரிடம் கொடுத்தார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"கோவமில்லீங்களா?"

"அதெல்லாம் போன வருஷமே தீந்துபோச்சுங்க," என்றார் போதகர்.

"போன வருஷமா?"

"இதோட நாலு தடவை மாறி வந்திருக்குதுங்க. முன்னால மூணு தடவையும் போத்தனூர் ஸ்டேஷன்ல காப்பி குடிச்சுப்போட்டு, நாங்களே மாத்திக்கிட்டோம்."

வெங்கடபதி மனைவியைப் பார்த்தார். மனைவி மேசையைப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கு வந்தோம்னா," என்றார் சாமியார், "எனக்குக் காங்கேயத்துக்கு மாத்தல் ஆயிருச்சுங்க. புதுசா வர்ற சாமியார் கொஞ்சம் கறாரு. பீரோச் சாவியைக் கோயில் உபதேசியார்கிட்டக் குடுத்து, நீங்க கேட்டாத் தரச் சொல்லியிருக்கேன். கவரை மட்டும் இனிப் பாத்து ஒட்டோணும். அம்மணி, ஒட்டின பொறவு மேசையைத் தொடைங்க."

ராமாமணிக்குப் பயம் தெளிந்துவிட்டது. "அது சரிங்க சாமி, இத்தனை சிநேகமா இருக்கறவங்க பத்திரிகையில எதுக்குங்க அப்படித் திட்டிக்கறீங்க?"

போதகர் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"அதையேனுங்க கேக்கறீங்க அம்மணி! இவரு என்னைத் திட்டி எழுதறதுல ஒற்றுப்பிழை ஜாஸ்தி. நாந்தான் ஸ்டேஷன்ல உக்காந்து திருத்திக் குடுக்கறேன்."