மறதி பிரவுசர்

"உங்க அண்ணன் போன்ல ரெண்டு பிரவுசர் வெச்சிக்கினு இருக்காரு. உனக்குத் தெரியுமா அக்னசு?"

வெங்காயம் அரிந்துகொண்டே அமல்ராணி கேட்டாள். விழுப்புரத்திலிருந்து அப்போதுதான் திண்டிவனம் வந்து இறங்கியிருந்த நாத்தனார் அக்னஸ் சிரித்துவிட்டாள்.

"ஊர்ல பாதிப் பேரு வெச்சிருக்காங்க அண்ணி. நானே ரெண்டு வெச்சிருக்கேன்."

"நீ செல்போன் கடைல வேலை பார்க்கிறவ, வெச்சிக்கலாம். மிக்ஸி ரிப்பேரு பண்ற மனுசனுக்கு ரெண்டாவது எதுக்கு? கேஸ் புக்கிங், கரண்ட் பில்லு, பாட்டு எல்லாம் பழசுலதான் பார்க்கிறாரு. நான் கிட்ட போனா புதுசை டபக்குனு மூடிடறாரு. அப்புறம் எடுத்துத் தொறந்து பார்த்தா, கழுவி வெச்ச தட்டு மாதிரி இருக்குது."

"அது அப்படித்தான். மூடினா எல்லாத்தையும் மறந்துடும். எதைத் தேடினோம், எங்க போனோம், ஒண்ணும் மிச்சம் இருக்காது. ஆனா தெனைக்கும் பொழங்க அது பேஜாரு. ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டை முதல்லேருந்து அடிக்கணும். அதான், ஜல்தியா ஆவ வேண்டிய வேலைக்குப் பழசு. மத்தவங்க கண்ணுல படக்கூடாததுக்குப் புதுசு."

அமல்ராணி கத்தியைக் கீழே வைத்தாள். "படக்கூடாதது. உன் வாயாலயே சொல்லிட்ட பார்த்தியா."

அக்னஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எப்பலேருந்து அண்ணி இதெல்லாம்?"

"அந்தத் தலைச்சாயம் வெளம்பரம் வந்துச்சே, அதுக்கு அப்புறந்தான்."

அக்னசுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. அந்தத் தெருவில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பார்கள். அன்பியக் கூட்டம் என்று பேர். ஆளுக்கொரு வேண்டுதலை மன்றாட்டாகச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். எல்லாரும் பாட்டு வரியைப் பார்த்துப் பாட வேண்டும் என்று, அண்ணன் மரியஅந்தோணி தன் போனை டிவியோடு இணைத்துவிடுவார். ஒரு கூட்டத்துக்கு முந்தின நாள் அவர் தலைச்சாயம் தேடியிருந்தது யாருக்குத் தெரியும்? மாதா பாட்டுக்கு நடுவில், 'நரையா? கவலை வேண்டாம்' என்றது டிவி. கூட்டம் மொத்தமும் திரும்பி அவர் மீசையைப் பார்த்தது.

"அதோட போச்சா? இப்ப படுக்கையும் ஹாலுக்குப் போயிடுச்சி. போனும் கூடவே போவுது. கேட்டா, 'என் குறட்டை உன்னைத் தூங்க விடாது ராணி'ன்றாரு."

"அண்ணன் குறட்டை அவ்ளோ மோசமா?"

"நான் எங்க கேட்டேன். படுத்தா விடிஞ்சுதான் கண்ணைத் தொறப்பேன். அவரே சொல்றாரேன்னு நம்பி, கூட்டத்துக்குக் கூட்டம் மன்றாட்டுல சொல்லிக்கினு வர்றேன், 'என் வீட்டுக்காரர் குறட்டை நிக்கணும்'னு. 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்'னு எல்லாரையும்விட சத்தமா பதில் சொல்றது யாரு தெரியுமா? உங்க அண்ணன்தான்."

அரிந்த வெங்காயத்தைத் தட்டோடு தள்ளி வைத்தாள்.

"இன்னிக்கிக் கூட்டம் நம்ம வூட்ல. இன்னிக்கி மன்றாட்டுல அந்த ரெண்டாவது பிரவுசரைச் சொல்லப் போறேன். தெரு முன்னால பதில் சொல்லட்டும்."

"வேணாம் அண்ணி. அங்க வெச்சி ஒரு வார்த்தை விட்டுட்டா திரும்ப எடுக்க முடியாது. மூடினா மறக்கறதுக்கு நம்ம தெரு என்ன பிரவுசரா?"

அமல்ராணி கேட்கிறவளா.

சாயங்காலம் ஜமக்காளம் விரித்தாயிற்று. மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. ஜாக்குலின் டீச்சர் செபம் நடத்த வந்து உட்கார்ந்துவிட்டாள். மரியஅந்தோணி போனும் கையுமாக இருந்தார். அந்த நேரம் பார்த்து, நாற்காலி கொண்டுவந்தவன் வாசலில் கூப்பிட்டான்.

"ராணி, பாட்டை எடுத்து டிவில போடு" என்று போனை மனைவி கையில் திணித்துவிட்டு ஓடினார். ஓடின அவசரத்தில் புது பிரவுசரை மூட மறந்துவிட்டார்.

டிவியோடு இணைக்கப் போன அமல்ராணியின் விரல் அப்படியே நின்றது. படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். முகம் காது மடல்வரை சிவந்துவிட்டது.

"என்ன அண்ணி?" என்று அக்னஸ் எட்டிப் பார்த்தாள். அமல்ராணி போனை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டாள். அப்புறம் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, பழைய பிரவுசரில் பாட்டைத் தேடி எடுத்து டிவியில் போட்டாள்.

மன்றாட்டு நேரம் வந்தது. ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டே வந்து, அமல்ராணியின் முறை. அக்னஸ் பயந்துபோய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மரியஅந்தோணி வழக்கம்போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தயாரானார்.

"என் வீட்டுக்காரர் குறட்டைக்காக இத்தனை நாளா எல்லாரும் செபிச்சீங்க" என்று ஆரம்பித்தாள். "அந்த மன்றாட்டை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"நின்னுடுச்சாம்மா?" என்றாள் ஜாக்குலின் டீச்சர்.

"அவருக்கு இருந்தாத்தானே டீச்சர் நிக்கறதுக்கு. குறட்டை விடுறது நான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அமல்ராணியும் சிரித்தாள்; கண் மட்டும் கலங்கியிருந்தது.

"'பொண்டாட்டி குறட்டையை, அவ மனசு நோவாம எப்படி நிறுத்துறது'ன்னு தேடிக்கினு இருக்காரு. டிவில வெளம்பரம் வந்து உங்க முன்னால நான் தலை குனியக் கூடாதுன்னு, அதுக்குத் தனியா ஒரு பிரவுசர். என் பழியைத் தன் தலைல போட்டுக்கினு, ஹால்ல கொசுக்கடில படுத்துக் கெடக்குற இந்த மனுசன் நல்லா இருக்கணும்னு, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம்.

எப்போதும் எல்லாரையும்விட சத்தமாகச் சொல்கிற மரியஅந்தோணிக்கு, அன்றைக்கு மட்டும் குரலே வரவில்லை.